கேட்பதற்கு முன்பே

அந்த உணவகத்தில் நாற்பத்தொரு வருடம் மேசைகளுக்கு நடுவே நடந்தவர் அவர். சாப்பிட வந்தவர் காலி டம்ளரைத் தொட்டுவிட்டுத் தலையைத் தூக்குவதற்குள் டம்ளர் நிறைந்திருக்கும். கைக்குட்டையைத் தேடி ஒருவர் பைக்குள் கையை விட்டால், துடைக்கும் காகிதம் அதற்கு முன்பே மேசைக்கு வந்திருக்கும். கேட்ட பிறகு வைப்பவன் கூலிக்காரன், கேட்பதற்கு முன்பே வைப்பவன்தான் சர்வர் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த சர்வர் ஒருவர் சொன்னார். சொன்னவர் மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை.

சமையற்கட்டில் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர்.

"யோவ் முந்திரிக்கொட்டை, அந்த ஆளு இன்னும் கடைக்குள்ளயே வரல. அதுக்குள்ள டீ கேக்கறியா?" என்று சமையல்காரர் கத்துவார்.

"வந்துட்டேதான் இருக்காரு. செருப்புச் சத்தம் கேக்கல?" என்பார் இவர். டீ ஆறுவதற்குள் அந்த ஆள் வந்து உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் நிலைமை தலைகீழ். காலையில் ஐந்தரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வந்ததும் நாற்காலியில் விழுந்து, "தண்ணி" என்பார். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கொண்டுவருவாள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். முப்பது வருடம் மிஷினை மிதித்த கால்கள் அவளுடையவை. தெருவில் அவளோடு சேர்ந்து நடக்க யாராலும் முடியாது. அந்தக் கால்கள் தனக்காக எத்தனை முறை எழுந்தன என்று அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் மாதத்தில்தான் அது கண்ணில் பட்டது. ஊருக்கெல்லாம் பரிமாறியவன் கட்டியவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை என்பது அவருக்கு முள்ளாகக் குத்தியது. ஆனாலும் அறுபத்தெட்டு வயதில் திடீரென்று என்ன செய்வது? வெட்கமாக இருந்தது. சும்மா இருந்துவிட்டார்.

அடுத்த வருடம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். பிசியோதெரபி படித்தவள், சின்ன வயது, கறாரான பேச்சு.

"அம்மா, நல்லா நடக்க ஆரம்பிச்சதும் முதல்ல எங்க போகணும்னு ஆசை?"

"எங்க அக்கா வீட்டுக்கு."

"எத்தனாவது மாடி?"

"மூணாவது. லிஃப்ட் கிடையாது. நாப்பத்திரண்டு படி."

"எண்ணி வச்சிருக்கீங்களா?"

"வாராவாரம் ஏறினவளாச்சே, தெரியாதா?"

அக்கா எட்டு வயது மூத்தவள். மகளோடு இருந்தாள். இதயம் பலவீனப்பட்டுவிட்டதால் படியைப் பார்க்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தங்கை விழுவதற்கு முன்புவரை, ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஏறிப்போய் மாலைவரை அக்காவோடு இருந்துவிட்டு வருவாள். இப்போது போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். போனைப் பிடிக்கத் தெரியாமல் அக்கா பாதி நேரம் தன் நெற்றியைத்தான் காட்டுவாள்.

"நான் இறங்கக் கூடாது, நீ ஏற முடியாது. பாதி வழியில சந்திச்சுக்கலாம்னா ரெண்டாவது மாடிக்காரன் பாய் விரிப்பானாடி?" என்பாள் அக்கா. இருவரும் சிரிப்பார்கள்.

நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிப்போகட்டும் என்று அக்கா மகள் சொல்லிப் பார்த்தாள். இவள் ஒப்புக்கொள்ளவில்லை. "என்னை அப்படிப் பாத்தா அவ நெஞ்சு அங்கயே நின்னுடும். நான் என் கால்லதான் வருவேன்."

பயிற்சிப் பெண் கொடுத்தது மூன்றே பயிற்சி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்க வேண்டும். கட்டம் போட்ட ஒரு தாளையும் கொடுத்தாள். செய்து முடித்த வேளைக்கு ஒரு கோடு.

"இந்த வயசுல படுத்தா சதை கரையறது சீக்கிரம், திரும்பி வர்றதுதான் லேட்டு. ஆனா வரும். மூணு மாசம் ஒழுங்கா செய்ங்க, அக்கா வீட்டுல போய் டீ குடிக்கலாம்."

அந்தத் தாளை அவர்தான் வாங்கிக்கொண்டார். கடைசியில் கைக்கு ஒரு வேலை வந்திருந்தது.

அவள் மூச்சை இழுத்து முன்னால் சாயும் சத்தம் வந்தால் போதும், அடுத்த அறையில் இருந்தாலும் வந்துவிடுவார். அவள் அக்குளுக்கடியில் கை போயிருக்கும், அவள் நின்றிருப்பாள். தாகம் என்று அவள் நினைக்கும்போது தண்ணீர் உதட்டருகே இருக்கும். பல் துலக்கும் பிரஷ் பசையோடு வரும். சமையல் மேடை வரை அவள் எதற்கு நடக்க வேண்டும் என்று, பிடித்துக்கொள்ள ஒரு மேசையைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டார். தாளில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கோடுகளைப் பொய்யாகப் போடவில்லை. பத்து முறை எழுந்தாளா? எழுந்தாள். அவர் கண்முன்னால்தான் எழுந்தாள்.

ஆறு வாரம் கழித்துப் பயிற்சிப் பெண் தாளைப் பார்த்து வியந்தாள். "பிரமாதம். அம்மா, இப்ப ஒரு தடவ எந்திரிங்க பாப்போம்."

அவர் கை தானாகப் போனது.

"ஐயா, நீங்க அந்தச் சுவரோரம் நில்லுங்க."

மனைவி மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் நாற்காலியிலேயே விழுந்தாள்.

"ஐயா, தினமும் எந்திரிச்சது அவங்களா, நீங்களா?"

"கொஞ்சம் கை குடுத்தேன். அவ்வளவுதாம்மா."

அந்தப் பெண் அவர் முன்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். "நல்லா இரும்பாட்டம் இருக்கு. பயிற்சி யாருக்கு நடந்திருக்குன்னு இந்தக் கையே சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இனி தொடமாட்டேன் என்று சொல்லி இரண்டு நாள் சொன்னபடி இருந்தார். மூன்றாம் நாள் பாதி எழுந்த நிலையில் அவள் முழங்கால் நடுங்கியது. விழுந்துவிட்டால்? இன்னொரு எலும்பும் போய்விட்டால்? பிடித்துவிட்டார். பிறகு எப்போதும் போலத்தான். அந்தப் பெண் மாதம் ஒருமுறை வந்தாள். வரும்போதெல்லாம் அதையே சொன்னாள். அவள் வாசல் தாண்டும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் ஓடியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் மட்டும்தான் அவள் போனாள், அதுவும் அவர் தோளில் தொங்கியபடி. அந்த மிதிகாலின் சதை வற்றி, தோல் தனியாக ஆடியது.

ஒருநாள் குளியலறை முக்காலியிலிருந்து அவளைத் தூக்கும்போது அவர் அடிவயிற்றில் சுரீரென்றது. குடலிறக்கம். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று நாளில் வந்துவிடலாம் என்றார்கள். புண்ணில் சீழ் வைத்துவிட்டது. பதினாறு நாள் மருத்துவமனையிலேயே கிடந்தார். வலியைவிட வீட்டு நினைப்புதான் அவரை வாட்டியது. கூடவே இருக்கும் மகன் பகலெல்லாம் தொழிற்சாலையில். மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள்தான், ஆனால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டேயிருக்கும் வேலை. கூப்பிட்டால் கேட்காது. தண்ணீருக்கு என்ன செய்வாளோ என்று படுக்கையில் புரண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று மகன் அழைப்பு மணியை அழுத்தினான். உள்ளே டக், டக் என்று தடியூன்றும் சத்தம் நெருங்கி வந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி.

"வாங்க. என்ன இப்படி இளைச்சுட்டீங்க?"

அவர் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார். பின்னாலிருந்து மருமகள் ஓடிவந்தாள்.

"மாமா, என்னைத் திட்டாதீங்க. நான் அத்தைய சரியாவே கவனிக்கல. ஒருநாள் ஒரு மணி நேரமா தண்ணிக்குக் கூப்பிட்டிருக்காங்க, என் காதுல விழல. வந்து பாத்தா சமையக்கட்டுல நின்னு குடிச்சிட்டு இருக்காங்க."

"எட்டுத் தடவ விழுந்து விழுந்து உக்காந்தேன், ஒம்பதாவது தடவ நின்னுட்டேன்" என்றாள் மனைவி. சொல்லும்போது சின்னப் பெண் போல இருந்தது அவள் முகம்.

அவருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மற்றது வந்தது. கவனிக்காதவள் பதினாறு நாளில் நடக்கவிட்டவளை, கவனித்தவன் ஐந்து மாதம் நடக்கவிடவில்லை.

"நான் பண்றது தப்புன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். "சொல்லியிருக்கலாம்ல?"

"தெரியும். சொல்லத்தான் வாய் வரல. நாப்பது வருஷம் கழிச்சு எனக்குன்னு ஒருத்தர் டம்ளரைத் தூக்கிட்டு வர்றீங்க. நல்லாதான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள்னு விட்டுட்டேன்."

அடுத்த முறை வந்த பயிற்சிப் பெண், இனி தினமும் பயிற்சி நேரத்தில் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது என்று அவரைத் துரத்தினாள். அவர் வெளியறையில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மூச்சு இழுபடும், நாற்காலி முனகும், சில நேரம் பொத்தென்று விழும் சத்தமும் வரும். ஒருமுறை அவள் "அய்யோ" என்றபோது இவர் கதவுவரை போய்விட்டார். உள்ளேயிருந்து, "அங்கேயே இருங்க, முந்திரிக்கொட்டை!" என்று குரல் வந்தது.

நாலாவது வாரம், தங்கள் கட்டடத்திலேயே முதல் மாடிவரை ஏறிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பதினாலு!"

"அப்ப பாக்கி இருபத்தெட்டுதானேடி. ஓடி வந்து விழாத. மெதுவா வா, நான் எழுந்து எங்கயும் போயிடல." அன்றைக்கு அக்கா போனை நேராகப் பிடித்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அக்கா மகள் அழைத்தாள். தூக்கத்திலேயே அக்காவின் உயிர் போய்விட்டிருந்தது.

அந்தக் கட்டடத்தின் கீழே ஆட்டோவை விட்டு இறங்கியதும், யார் சொல்லியும் கேட்காமல் அவள் படியேறத் தொடங்கினாள். முதல் மாடியைத் தொட்டாள். அதற்குமேல் ஐந்தாவது படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முதல் மாடி வீட்டுக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து திருப்பத்தில் போட்டார். உறவினர்கள் அக்காவின் உடலைக் கீழே கொண்டுவரும்போது அங்கே ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். தங்கை, அக்காவின் முகத்தைத் தொட்டாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அவர் சுவரோடு ஒட்டி நின்றார். அந்த ஒரு நிமிடம், அவர் வாழ்க்கையில் முதன்முறையாக, என்ன வேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்தும் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்த பிறகு, "என்னாலதான்" என்று தொடங்கினார்.

"விடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் உள்ளறையிலிருந்து நாற்காலி முனகும் சத்தம் கேட்டது. இனி எதற்கு என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஏழு வாரம் கழித்து, வீட்டைக் காலி செய்யப்போவதாகவும், அம்மாவின் பொருள்களைப் பிரிக்கச் சித்தி வந்தால் நல்லது என்றும் அக்கா மகள் சொல்லியனுப்பினாள். போனார்கள். கீழே நின்று மனைவி, "நீங்க பின்னால வராதீங்க. உங்க மூச்சுச் சத்தம் கேட்டாலே எனக்குக் கால் ஓயுது" என்றாள்.

அவர் முதல் படிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தடி ஒரு சத்தம், கால் ஒரு சத்தம். திருப்பத்தில் நீண்ட இடைவெளி. மறுபடி தடி. மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக அக்கா மகளின் தலை தெரிய இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

"சித்தப்பா, சித்தி வந்துட்டாங்க! நீங்களும் வாங்க."

ஏறிப்போகும்போது அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து இன்றைக்குச் சரியாகப் பன்னிரண்டு வாரம். அந்தப் பெண் முதல் நாளே சொன்ன மூன்று மாதம்தான். அன்றே தொடங்கியிருந்தால், அவள் ஏறிய பிறகும் அக்காவுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் மிச்சமிருந்திருக்கும். பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகள்.

மெத்தை எடுக்கப்பட்ட கட்டிலின் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருந்தன.

"ஏறிட்டேன்ல?"

"ஏறிட்ட."

கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அப்பவே ஏறியிருப்பேங்க" என்றாள்.

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். வாசற்பக்கமாகவே நின்றார். அக்கா மகள் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "சித்தி, இது யாருக்கு?" என்று கேட்கத் தொடங்கினாள். மனைவி தடியை ஊன்றி எழுந்து அலமாரியருகே போனாள்.