மடியில் இருந்த இன்னொரு பை

போன வருடம், நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. தினமும் காலை எட்டு மணி பஸ்ஸில் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போவேன். ஆலங்குடியிலேயே ஏறுவதால் எனக்கு சீட் கிடைத்துவிடும். வம்பன் தாண்டினால் கால் வைக்க இடமிருக்காது. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பஸ்ஸில் வழக்கம்.

அந்தச் சமயம் எனக்கு இரண்டு பாடத்தில் அரியர் விழுந்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. அதை மறக்க ஒரு கொரியன் சீரியல் பார்க்க ஆரம்பித்தேன். அது முடிந்ததும் அடுத்தது, அப்புறம் இன்னொன்று. சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் கடைசி பெஞ்சிலும் காதில் இயர்போன்தான். நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், அதனால் நிறுத்துவதே இல்லை. என் உயிர்த்தோழி பேசிப் பேசிப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிட்டாள். அதுகூட எனக்கு நிம்மதியாக இருந்தது, கொடுமையைப் பாருங்கள்.

அன்றைக்கு வம்பனில் ஏறிய ஒரு பெண் என் மடியில் பையை வைத்து ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். கதாநாயகனுக்கு நினைவு திரும்பப் போகிற கட்டம், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் காலேஜ் ஸ்டாப் வந்ததும் மடியில் இருந்ததையெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே இறங்கிவிட்டேன்.

மரத்தடியில் உட்கார்ந்து அந்த எபிசோடை முடித்த பிறகுதான் பக்கத்தில் இரண்டு பை இருப்பதைக் கவனித்தேன். ஒன்று என்னுடையது. இன்னொன்றைத் திறந்தால் ஒரு ரெக்கார்டு நோட்டு, ஒரு போன், ஒரு ஹால் டிக்கெட். அன்றைக்குப் பத்து மணிக்கு அந்தப் பெண்ணுக்கு பிராக்டிகல். மணி அப்போதே ஒன்பதரை.

ரெக்கார்டில் போட்டிருந்த கல்லூரி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. பஸ்ஸை நம்பினால் ஆகாது. எனக்குத் தெரிந்து ஸ்கூட்டி வைத்திருந்தது அந்தத் தோழி மட்டும்தான். முகம் கொடுத்துப் பேசியே மாதக்கணக்கில் ஆன பிறகு எந்த வாயோடு போய்க் கேட்பது? போய்க் கேட்டேன். அவள் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "ஏறுடி" என்றாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடிவிட்டு வந்த அந்தப் பெண், அழுது வீங்கிய முகத்தோடு கேட்டில் நின்றிருந்தாள். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"பரீட்சை இருக்குக்கா, பத்திரம்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் ம்முன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் அங்கிட்டுத் தள்ளிப் போயி நின்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ரோட்டோரத்திலேயே நின்று தோழியிடம் அரியர் கதையைச் சொல்லி ஓவென்று அழுதேன். அவள் அழுது முடிக்க விட்டாள். பிறகு, "எனக்கும் ஒண்ணு விழுந்திருக்குடி. ஒங்கிட்ட அன்னைக்கே சொன்னேன். நீ ம்முன்ன" என்றாள்.

இருவரும் சேர்ந்தே கல்லூரிக் கவுன்சலிங் மேடத்தைப் பார்த்தோம், சேர்ந்தே படித்தோம், மூன்று அரியரையும் முடித்தோம். வீட்டில் சொன்ன அன்று நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் சீரியல் பார்க்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அம்மாவோடு உட்கார்ந்து. பஸ்ஸில் இயர்போன் பைக்குள் போய்விடும்.

போன வாரம் அதே பெண் வம்பனில் ஏறினாள். பிராக்டிகலில் நல்ல மார்க்காம். அவளுக்குப் பக்கத்திலேயே வேறு சீட்டில் ஆட்கள் இருந்தும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து பையை நீட்டினாள். "இன்னைக்கு வெறும் புளிச்சோறுதான்க்கா, பயப்படாதீங்க" என்று சிரித்தாள். அந்தப் பையை வாங்கி மடியில் வைத்தபோது கிடைத்த நிம்மதியை, நான் பார்த்த அத்தனை சீரியலும் சேர்ந்து எனக்கு ஒரு நாளும் தந்ததில்லை.