அவரை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்

என் கணவர் கடலட்டை குளிக்கப் போகிறவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கி அட்டை பொறுக்குகிற வேலை. ஒரு நாள் கீழே காற்று முடியப்போகிறதென்று பயந்து அவசரமாக மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் இரத்தத்தில் குமிழ்கள் உண்டாகி நரம்பைக் கெடுத்துவிடும் என்று பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். படகில் ஏறும்போது கால் மரத்திருக்கிறது என்றாராம். குருநகர்க் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் நண்டு உடைக்கிற கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் அவரைக் கழுவித் துடைத்து, படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டி, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவேன். மத்தியானம் அடுத்த வீட்டு அக்கா வந்து மற்றப் பக்கம் திருப்பிவிடுவா. பின்னேரம் நான் வரும்போது என் கைகளில் நண்டு வாடை அடிக்கும். அதே கைகளால்தான் அவருக்குச் சோறு ஊட்டுவேன். கைகள் இயங்கினாலும் அவர் தானாகச் சாப்பிட மாட்டார். மனம் விட்டுப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் செபம் வாயில் வராது. எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நானும் நிற்பேன். மாதா சுரூபத்தைப் பார்த்தபடி, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில்தான் கனடாவில் இருக்கிற என் அண்ணை போன் எடுத்தார்.

"தங்கச்சி, இஞ்சை ஒரு ஆள் இருக்கிறார். மனுசி செத்துப்போச்சு. நல்ல மனுசன், வேதக்காரர்தான். நீ கோட்டிலை பிரிவினையை எடு. உன்னைக் கட்டி, பிள்ளையையும் சேத்து இஞ்சை கூப்பிடுவார்."

"இவரை ஆர் பாக்கிறது, அண்ணை?"

"நீர்கொழும்புப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துற இல்லம் ஒண்டு இருக்கு. டொக்டர் வந்து பாப்பார். உன்னை விட அவையள் நல்லாப் பாப்பினம். செலவு என்ரை பொறுப்பு."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. அண்ணை அனுப்பிய படத்தில் அந்த மனிதர் பனிக்குல்லா போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார். கெட்ட முகமாகத் தெரியவில்லை. கொம்பனியில் நண்டு உடைக்கும்போதெல்லாம் மகள் தடித்த ஜாக்கெட் போட்டுப் பள்ளிக்கூடம் போவது கண்ணுக்குள் வந்தது. நான் முதுகு நோகாமல் விடியும்வரை நித்திரை கொள்வதும் வந்தது. அந்த நித்திரைதான் என்னை மிகவும் இழுத்தது.

நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததால் அண்ணை என் கணவருக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டார். அது எனக்குத் தெரியாது. ஒரு நாள் முதுகு துடைத்துவிடும்போது அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"உன்ரை அண்ணை எல்லாம் சொன்னவர். நீ போ."

என் கை நின்றுவிட்டது.

"நான் மனம் பொருந்தித்தான் சொல்லுறன். பிள்ளையைக் கொண்டுபோ. கலியாணத்தண்டு கோயிலிலை எனக்குச் சொன்ன வார்த்தையை நான் திருப்பித் தாறன்."

"அது உங்களுக்கு மட்டும் சொன்ன வார்த்தையில்லை" என்றேன்.

"இஞ்சை இருக்க உனக்குச் சந்தோசமோ?"

"இல்லை."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அழுதார். நானும் ஈரத்துணியைப் பிடித்தபடி அழுதேன். 'இல்லை' என்று சொன்ன பிறகுதான், நான் போகப்போவதில்லை என்பது எனக்கே தெரிந்தது. மனதில் வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. தூக்கிய பாரத்தை நடுவழியில் இறக்கி வைக்க முடியாது என்று உடம்புக்குத் தெரிந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான்.

அண்ணையிடம் சொன்னபோது அவர் கத்தினார். "உன்ரை கடவுள் உனக்கு என்ன செய்தவர், சொல்லு பாப்பம்?" அதன்பிறகு அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. நண்டு வராததால் கொம்பனியிலும் வேலை இல்லை. புண்ணுக்குப் பூசுகிற மருந்தைத் தேடி ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கினேன். "இல்லை அக்கா, வந்தாச் சொல்லுறம்" என்றார்கள். உப்புத் தண்ணீரால் கழுவிப் பழைய வெள்ளைச் சீலையைக் கிழித்துக் கட்டினேன். புண் ஆழமாகிக் காய்ச்சல் பிடித்தது. பெற்றோல் இல்லாததால் ஓட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. மீன் ஏற்றுகிற தள்ளுவண்டிலில் பாயை விரித்து, நானும் அடுத்த வீட்டு அக்காவின் மனுசனுமாக அவரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். நல்ல வெயில். வழியில் அவர் என்னை நிற்கச் சொல்லி, "களைச்சுப்போனாய், கொஞ்சம் இரு" என்றார். அதுதான் அவர் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு அண்ணை வரவில்லை. பிறகு போனில் அழுதார்.

மகள் இப்போது பெரிய பிள்ளை. போன கல்லறைத் திருநாளுக்கு அவருடைய குழியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நின்றபோது அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அம்மா, அப்பாவை அந்த இல்லத்திலை விட்டிருந்தா மருந்து கிடைச்சிருக்குமோ? உயிரோடை இருந்திருப்பாரோ?"

அந்தக் கேள்வியை எனக்குள்ளே நான் அதுவரை முழுதாகக் கேட்டதில்லை.

"தெரியாது பிள்ளை" என்றேன்.

"பிறகேன் நீங்கள் இன்னும் கோயிலுக்குப் போறியள்?"

"இதையெல்லாம் நான் வேறை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அவள் காற்றுக்கு அணைந்த திரியை எடுத்து மறுபடி கொளுத்தி, தன் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டாள். சுவாமியார் குழிகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டு முழங்காலில் நின்றேன்.