கந்தப்பன் மச்சானின் கால்கள்

என் அக்காவைக் கட்டிய கந்தப்பன் மச்சானுக்குத் தூக்கத்திலும் கால் ஓயாது. மல்லாந்து படுத்தால் இடது கால் ஓர் அமுக்கு, வலது கால் ஓர் அமுக்கு, மறுபடியும் இடது என்று விடிய விடிய நடக்கும். கல்யாணமான புதிதில் அக்கா இதை ஏதோ காத்து கருப்பு என்று நினைத்து, வேலந்தாவளத்தில் ஒருவரிடம் மந்திரித்த கயிறு வாங்கிவந்து காலில் கட்டினாள். கயிறு அறுந்ததே தவிர கால் நிற்கவில்லை. நான் மறையூரிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், மச்சான் நேற்று ராத்திரி எந்த ஊர் வரைக்கும் போய்வந்தார் என்று அக்காவிடம் விசாரிப்பேன். அவள் முதுகில் ஒன்று வைப்பாள்.

மச்சான் விமானம் ஓட்டுகிறவர். வடகரப்பதிப் பக்கம் கடலையும் சோளமும் போடுகிற குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. அண்ணன்மார் இருவரும் மண்ணைப் பார்த்துப் பிழைக்க, இவர் மட்டும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்தார். கோயமுத்தூரில் பறக்கப் பழகி, மலைத் தோட்டக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அவர்கள் வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு புல்வெளியை ஓடுதளமாக்கி, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை வைத்திருந்தார்கள். மலை மேலிருக்கும் தோட்டங்களுக்குத் தபாலும் மருந்தும் பொட்டலம் கட்டி மேலிருந்து போடுவதும், கோடையில் எங்கே காட்டுத்தீ என்று பார்த்துச் சொல்வதும்தான் அவருக்கு வேலை.

அந்தக் குட்டி விமானத்துக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னச் சக்கரம். தரையில் நின்றால் வாலை ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த வழியே வேலந்தாவளத்து மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓட்டுகிறவருக்கு எதிரே தெரிவது எஞ்சினும் ஆகாயமும்தான், பாதை தெரியாது. அதனால் தரையில் போகும்போது வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். அதைவிடத் தொல்லை, கனமெல்லாம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பது. இறங்கி ஓடும்போது கொஞ்சம் அசந்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். காலடியில் இருக்கும் மிதிகட்டைகளை இடதும் வலதுமாக அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் நேரே போகும். எஞ்சின் அணைந்து, விமானத்தைக் கயிற்றில் கட்டும்வரை கால் ஓயக்கூடாது. பதினாறு வருஷம் இதையே ஓட்டிய மனுஷன் தூக்கத்தில் உதைக்காமல் என்ன செய்வார்?

இந்த வித்தையில் பாதியை அவர் கிணற்றடியிலேயே படித்துவிட்டார் என்பது என் கட்சி. மின்சார மோட்டார் வரும்வரை அவர்கள் தோட்டத்தில் மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலை ஓடியது. மாடுகள் சரிவில் முன்னோக்கி இறங்கும்போது, தண்ணீர் நிறைந்த சால் கிணற்றிலிருந்து மேலே வரும். அப்போது ஓட்டுகிறவர் மாடுகள் இழுக்கும் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் கனமும் சேர்ந்து இழுக்கும். மாடு தன்னால் நேரே போகும். சால் கவிழ்ந்ததும் மாடுகளைத் திருப்பாமல், பின்னோக்கி நடத்தியே மேட்டுக்கு ஏற்றவேண்டும். பின்னால் நடக்கிற மாடு எந்தக் காலத்திலும் நேரே நடந்ததில்லை. ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும். கயிற்றை இங்கே ஒரு சுண்டு, அங்கே ஒரு சுண்டு என்று சுண்டிக்கொண்டே இருக்கவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் லீவு நாட்களில் மச்சான்தான் கமலை ஓட்டுவார். சோறு கொண்டுபோன அக்கா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வடத்தில் உட்கார்ந்து இறங்கி வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்த மனுஷன் தோள் இறங்கியிருக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அக்கா மயிலாத்தாளை அவர் கட்டியதே ஒரு தவறினால்தான். மறையூரில் எங்களுக்குக் கரும்புக் காடும், வெல்லம் காய்ச்சும் ஆலையும் உண்டு. ஒரு நாள், மேலே தோட்டத்தில் விழவேண்டிய மருந்துப் பொட்டலம் காற்றில் விலகி, எங்கள் கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்த பாகில் வந்து விழுந்தது. அப்பா வானத்தைப் பார்த்துத் திட்டிய திட்டில் வெட்டுக்கிளி இறங்கியிருக்கவேண்டும். அடுத்த வாரம் மச்சான் உடுமலைப்பேட்டை வழியாக பஸ் பிடித்து மன்னிப்புக் கேட்க வந்தார். பாகு போனது எங்களுக்கு, பெண் கிடைத்தது அவருக்கு.

எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் கம்பெனி புது விமானம் ஒன்று வாங்கியது. பெரிய துரைமார் கொச்சிக்கும் மதராஸுக்கும் போய்வருவதற்காக நாலு பேர் உட்காரும் விமானம். வெட்டுக்கிளியை விட இரண்டு மடங்கு கனம். வால் சக்கரத்துக்குப் பதில் மூக்குக்கு அடியில் சக்கரம். தரையில் மட்டமாக நின்றது. உள்ளே உட்கார்ந்தால் எதிரே பாதை பாய் விரித்த மாதிரி தெரிந்தது. வெட்டுக்கிளியை பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள், அவர் வந்து எடுத்துப்போகும்வரை அது ஓரமாக நின்றது. மச்சானுக்குப் புதிதைப் பழக்கிக்கொடுக்க, கல்பாத்தியைச் சேர்ந்த முத்துசுவாமி என்ற மூத்த விமானியை அமர்த்தினார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் சரி என்று சொன்னால் மச்சானுக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் மதராஸிலிருந்து வேறு ஆள் வருவான்.

வேலை போனால் சோற்றுக்குப் பஞ்சமில்லை, அண்ணன்மாரின் கடலைக்காடு இருக்கிறது. ஆனால் மச்சானுக்கு அதுதான் பயம். ஒரு சாயங்காலம், பாழடைந்த கமலைச் சரிவில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார். "மாப்ள, இனிமேப்பட்டு கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டே காலந்தள்ளோணுமாட்ட இருக்குது." நான் எப்போதும்போல் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புது விமானம் சுலபமானது. கனம் பின்சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் இறங்கியதும் தானே நேரே ஓடும். அந்தச் சுலபம்தான் மச்சானுக்கு ஒத்துவரவில்லை. மேலே போனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடுதல் வேகம், கூடுதல் கனம், புதுப்புதுப் பிடிகள் எல்லாம் சீக்கிரம் கைவந்துவிட்டன. தரையைத் தொட்டதும்தான் கால்கள் தம் வேலையைத் தொடங்கிவிடும். புது விமானத்தில் மிதிகட்டையை அமுக்கினால் மூக்குச் சக்கரமே திரும்பும். இவர் இடது அமுக்க அது இடது பாய, பதறி வலது அமுக்க அது வலது பாய, ஓடுதளம் முழுக்கப் பாம்பு ஓடிய தடம். பாதை கண்ணுக்கு நேரே விரிந்து கிடக்கும்போதும் பழக்கதோஷத்தில் வளைந்து வளைந்துதான் ஓட்டிவந்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற சந்தை ஆட்கள், விமானம் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வருகிறது என்றார்கள்.

முத்துசுவாமி கோபப்படுகிற ஆள் இல்லை. இறங்கி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கந்தப்பன், வண்டி நன்னாத்தான் போயிண்டிருக்கு. நீங்கதான் விடமாட்டேங்கறேள். காலைச் சும்மா வெச்சுக்கோங்கோ, அது தானே நேரே போகுமாக்கும்."

மச்சான் தலையாட்டினார். அன்று ராத்திரி கால் இன்னும் அதிகமாக ஓடியது என்று அக்கா சொன்னாள்.

வைகாசியில் மேற்குக் காற்று ஈரம் சுமந்து வரத் தொடங்கியது. முத்துசுவாமி கடைசியாக ஒரு பரீட்சை வைத்தார். நாலு பேர் கனத்தோடு மறையூர்ப் பள்ளத்தாக்கு வரை போய்த் திரும்பி இறங்கவேண்டும். கனத்துக்கு மூட்டை வைப்பதைவிட வீட்டு ஆட்களே வந்தால் மச்சானுக்குத் தெம்பாக இருக்கும் என்று அவரே சொன்னார். நான் அப்போது வெல்லம் விற்க வந்து அங்கே தங்கியிருந்தேன். அக்கா அதுவரை பறந்ததில்லை, வெட்டுக்கிளியின் இரண்டாவது இருக்கை பொட்டலங்களுக்கு. பட்டுச்சேலை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். ஏறுவதற்கு முன் செருப்பைப் புல்லின் மேல் ஜோடியாகக் கழற்றி வைத்தாள். அவள் கழற்றியதைப் பார்த்து நானும் கழற்றினேன்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தரை எப்போது விட்டுப்போனது என்றே தெரியாமல் விட்டுப்போயிருந்தது. கீழே தென்னந்தோப்புகள் விரைவில் சிறுத்து, கிணறுகளில் ஒவ்வொன்றாக வெயில் மின்னி மின்னி அணைந்தது. வெள்ளை மேகம் ஒன்று எங்களோடு கூடவே வந்து, பேச்சில் சலித்த துணையைப் போல மெல்லப் பின்தங்கியது. பொள்ளாச்சிச் சமவெளி ஒரு பச்சைத் தூக்கம். அமராவதி அணையின் நீர் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சின்னாற்றுக்கு மேலே மலைகள் இரண்டு பக்கமும் எழுந்து வந்தபோது, உள்ளே இருந்த வெளிச்சமே நீலமாக மாறிற்று. நான் விழித்திருக்கிறேனா என்று தொடையைக் கிள்ளிப் பார்த்தேன்.

பிறகு மறையூர் வந்தது. சந்தனக் காடு, பாறை மேல் பழங்காலத்துக் கல்லறைகளான முனியறைகள், கட்டம் கட்டமாகக் கரும்பு. ஆலைகளிலிருந்து நூல் நூலாகப் புகை. எங்கள் ஆலையின் கூரை எள்ளளவு தெரிந்தது. நான் பிறந்து சண்டை போட்டு வளர்ந்த இடமெல்லாம் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். "இங்கிருந்துதான் என்னைப் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். எஞ்சின் சத்தத்தில் மச்சானுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் அந்த நேரத்தில் விமானத்தைச் சாய்த்து, பள்ளத்தாக்கை ஒருமுறை முழுக்கச் சுற்றினார்.

திரும்பி வரும்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. பறப்பதற்கல்ல, இறங்குவதற்கு. ஓடுதளம் தூரத்தில் தெரிந்ததுமே மச்சானின் தோள்கள் காதுவரை ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் தரையைத் தொடவே இல்லை, அதற்குள் மிதிகட்டையில் கால்கள் துடிக்கத் தொடங்கிவிட்டன. முத்துசுவாமி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் எதுவும் சொல்வதாக இல்லை. எங்கள் மச்சானின் வானம் இன்னும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

இறங்குவதற்காக எஞ்சினைக் குறைத்தார். உள்ளே சத்தம் அடங்கி, காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அக்கா முன்னால் குனிந்து, அவர் காதுக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள்.

"ஏனுங்க, மாடு முன்னாலதான் போகுது. வடத்துல உக்காந்துக்குங்க."

மச்சான் திரும்பவில்லை. ஆனால் தோள்கள் இறங்கின. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கிணற்றுச் சரிவில் இறங்குவதுபோலவே மெல்ல இறங்கின. பின்சக்கரங்கள் புல்லைத் தொட்டன. மூக்கைச் சற்று நேரம் மேலேயே வைத்திருந்து, பூவை வைப்பதுபோல் கீழே வைத்தார். கால்கள் மிதிகட்டை மேல் சும்மா இருந்தன. விமானம் நேரே ஓடியது. வேகம் குறைந்து, குறைந்து, அக்காவின் செருப்புக்கும் என் செருப்புக்கும் பக்கத்தில் வந்து நின்றது. நாளைக்கே பெரிய துரையைக் கொச்சிக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டு முத்துசுவாமி கதவைத் திறந்தார்.

எனக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும்போல் இருந்தது. மச்சான் மட்டும் எழுந்திருக்கவில்லை. முன்கண்ணாடி வழியே நேர்ப்பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமே பண்ணலீங்களே நானு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அன்று மத்தியானமே பெங்களூர்க்காரர் வந்து வெட்டுக்கிளியை எடுத்துக்கொண்டு போனார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து ஓடுதளத்தின் முனைக்குப் போயிற்று. மச்சான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். வெட்டுக்கிளி இடப்பக்கம் திரும்பும்போது இடது பாதம் மண்ணை அமுக்கியது, வலப்பக்கம் திரும்பும்போது வலது பாதம். ஓடி, வால் எழும்பி, தரையை விட்டதும் இரண்டு கால்களும் நின்றன. சத்தம் வடக்கே தேய்ந்து மறையும்வரை அங்கேயே நின்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் வேப்பமரத்தடிக் கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்ததும் தூங்கிவிட்டார். வெகுநேரம் கழித்து நான் முகம் கழுவ அந்தப் பக்கம் போனபோது அக்கா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மச்சானின் கால்கள் இரண்டும் அசையாமல் கிடந்தன. இப்படி அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நல்லகாலம் பிறந்துவிட்டது, இனிமேல் உதைபடாமல் தூங்கலாம் என்றேன். அக்கா நிமிர்ந்தாள், கண் நிறைந்திருந்தது.

"நிக்கோணும் நிக்கோணும்னு கும்பிடாத சாமியில்ல, கண்ணு. இப்ப நின்னுபோச்சு. எனக்குப் பாக்கவே முடியல."

அவள் தன் உள்ளங்கையை அவருடைய இடது பாதத்தில் வைத்து மெல்ல அமுக்கினாள். பிறகு வலது பாதத்தில். மறுபடியும் இடது. மச்சான் விழிக்கவில்லை. மேற்கே மழைமேகம் கூடிக்கொண்டிருந்தது, வேப்பம்பூ உதிர்ந்து அவர் வேட்டியில் விழுந்தது. சற்று நேரம் கழித்து அந்த இடது கால், தூக்கத்திலேயே, அவள் கையைப் பதிலுக்கு ஒருமுறை அமுக்கியது. அக்கா கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.