லேவன்சோக் கெபியும் மன்னார்க் கழுதையும்

கிரோத்தா என்றால் மாதா சுரூபம் வைத்துக் கும்பிடும் கெபி. இருபது வருடமாகப் பலெர்மோவில் இருக்கும் எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. குகைக்கும் இத்தாலியனில் அதே சொல்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவுமில்லை. பங்கு மண்டபத்துச் சுவரில் 'லேவன்சோத் தீவின் கிரோத்தாவுக்கு ஒருநாள் பயணம், வழிகாட்டி உண்டு' என்ற தாளைக் கண்டதும், எங்கள் தமிழ் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன்: "லேவன்சோக் கெபிக்கு யாத்திரை. வர விரும்புவோர் பெயர் தரவும்."

நான் மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவன். ஆனாலும் வதிவிட அனுமதியான பெர்மெசோ அலுவலென்று யார் பொலிஸ் தலைமையகமான கெஸ்தூராவுக்குப் போனாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூட்டிப்போவார்கள். ஆகவே என் மொழிபெயர்ப்பை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பதினாலு பேர் சேர்ந்தோம்.

முதலில் பெயர் தந்தவர் பகேரியா அக்கா. பகேரியாவில் ஒரு பெரிய வில்லாவைத் துப்புரவு செய்வதால் அவருக்கு அந்தப் பெயர். சொந்த இடம் மன்னார். அவருடைய கணவர் அங்கே கடற்றொழில் செய்தவர். இங்கே அதே வில்லாவின் தோட்டத்தைப் பார்க்கிறார். ஆட்கள் கூடும் இடத்தில் வாய் திறக்கவே மாட்டார். அக்காதான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பார்.

திராப்பானிவரை பஸ், பிறகு படகு. பெண்கள் மாதா பாட்டுத் தொடங்கினார்கள். கெபியின் வரலாற்றை முதலே படித்துவைத்தால் நல்லதென்று டிக்கெட்டோடு தந்த துண்டுப்பிரசுரத்தை நான் விரித்தேன். ஒரு கழுதை. மறுபக்கம் ஒரு மாடு. அதற்குக் கீழே ஒரு மான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இது கெபியில்லை, குகை.

"இஞ்சேருங்கோ, மாதா எப்ப காட்சி குடுத்தவவாம்?" என்று பக்கத்தில் இருந்த மனைவி கேட்டாள்.

"பத்தாயிரம் வருசத்துக்கும் முந்தி."

அவள் தாளைப் பறித்தாள். கழுதையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கோ. நான் கடலைப் பாக்கப்போறன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சொல்லவில்லை. எப்படியோ தானாகவே சரிவரும் என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை.

துறையிலிருந்து ஜீப்பில் கொஞ்சத் தூரம் போய், பிறகு கல்லும் முள்ளுமான சரிவில் இறங்கினோம். அக்கா ஒரு கையில் செபமாலையும் மறு கையில் செருப்புமாக வந்தார். குகை வாசலில் வழிகாட்டிப் பெண் எங்களை நிறுத்தி, இங்கே மனிதர்கள் ஏதோ சடங்குகளுக்காகக் கூடியிருக்கலாம் என்றாள். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆதிகாலத்திலை ஆக்கள் கும்பிட வந்த இடமாம்."

எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள். வழிகாட்டி கொஞ்சம் முழித்தாள். அதற்குள் அக்கா பையிலிருந்து முழங்கை நீளத்தில் ஒரு மெழுகுதிரியை எடுத்து லைட்டரைத் தட்டிவிட்டார். அந்தப் பெண் போட்ட கூச்சலை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மெழுகுதிரி பறிமுதலானது.

"மெழுகுதிரி கொளுத்தக் கூடாத கெபி எங்கை தம்பி இருக்கு?"

இனித் தப்ப வழியில்லை. சொன்னேன். உள்ளே மாதா இல்லை, பழங்காலத்து ஆட்கள் கீறின மிருகங்கள் இருக்கின்றன, அதில் ஒரு கழுதையும் உண்டு.

"கழுதையைப் பாக்கவோ நான் விடிய நாலு மணிக்கு எழும்பிச் சோறு கட்டினனான்?"

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். மற்றவர்கள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். "வந்தது வந்தாச்சு" என்று அக்கா சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார்.

உட்குகைக்குள் குனிந்துதான் போகவேண்டும். வழிகாட்டி விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தாள். வெறும் கல்லாக இருந்த இடத்தில் மெல்லிய கோடுகள் எழும்பின. காது, கழுத்து, வயிறு.

"ஐயோ, இது எங்கடை கழுதை!" என்றார் அக்கா.

மன்னார் ரோட்டில் கழுதைகள் கேட்பாரில்லாமல் திரியும். ஹோர்ன் அடித்தாலும் விலகாது. "அந்த நிக்கிற வீம்பைப் பாருங்கோ. தம்பி, எங்கடை ஊரிலையும் இதுதான் நிக்குதெண்டு அவவுக்குச் சொல்லு." சொன்னேன். வழிகாட்டி உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். கோபம் தணிந்த அக்கா, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் ஒரு மானின் முன்னே வெகு நேரம் நின்றார். "ஆரோ கூப்பிட்டிருக்கினம்" என்றார் மெதுவாக.

பக்கத்தில் கறுப்பு மையால் வரைந்த ஒரு மீன். சூரை மீனாக இருக்கலாம், சிலர் டொல்பின் என்கிறார்கள் என்றாள் வழிகாட்டி.

"ஓங்கில் இல்லை" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தோம். அக்காவின் கணவர்.

"ஓங்கிலின்ரை வால் படுத்திருக்கும். மீனின்ரை வால் எழும்பி நிக்கும். இது நிக்குது. சூரைதான்."

டொல்பினின் வால் உறங்கும் என்று நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணை என்னை ஒதுக்கிவிட்டு முன்னே வந்து, உள்ளங்கையைக் கிடையாக வைத்து மேலும் கீழும் அசைத்தார். பிறகு நிமிர்த்திவைத்துப் பக்கவாட்டில் அசைத்தார். "டெல்பினோ. தொன்னோ." அவள் சிரித்துக்கொண்டே தன் கையாலும் அப்படியே செய்து பார்த்தாள். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதினாள். அண்ணை அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து பாறைகளில் குந்தியிருந்து செபமாலை சொன்னோம். வழிகாட்டி கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள். பிறகு அக்கா கொடுத்த கட்டுச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டு, உறைப்பில் கண் கலங்கி, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

திரும்பும் படகில் அண்ணை என் பக்கத்தில் வந்து இருந்தார். சூரை எந்தக் காற்றில் வரும், கூட்டம் வருவதைக் கடலின் நிறத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது, தூண்டிலில் பட்டதும் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். முன் இருக்கையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"முப்பது வருசத்திலை இந்த மனுசன் இவ்வளவு கதைச்சு நான் காணேல்லை. தம்பி, நீ துவக்கிவிட்டது. நீயே கேள்."

அக்கா தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். திராப்பானித் துறை தெரிந்தபோது அண்ணை அப்போதுதான் வலை பின்னுவதற்கு வந்திருந்தார்.