டூலனின் தொப்பி

இது நடந்தது. காலிங்வுட்டில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. பேய் என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். கிளெம் கேரிட்டி இதை என்னிடம் சொன்னபோது ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. பாதிவரை நானே அங்கே இருந்தேன். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

கிளெம் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, எங்கள் பேட்டையின் பழைய பப்புகளைச் சுற்றிக் காட்டுவார். பப் எங்கே இருக்கிறது? ஒன்று அடுக்குமாடி வீடாகிவிட்டது. ஒன்றில் மெழுகுவத்தி விற்கிறார்கள். ஒன்று பல் டாக்டர் கிளினிக். அதன் வாசலில் நின்று கண்ணாடி வழியாகக் கையைக் காட்டுவார்.

"அந்த நாற்காலி தெரியுதா? சரியா அந்த எடத்துலதான் ஜாக் மல்வேனிக்கு ரெண்டு பல்லு போச்சு. அன்னைக்கு ஓசியில புடுங்குனாங்க. இன்னைக்கு அதுக்குக் காசு வாங்குறான்!"

சிரிக்காமல் என்ன செய்வது? கிளெமுக்கும் அந்தச் சிரிப்புதான் வேண்டும். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. அந்த ஒரு நாளுக்காகத்தான் வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் எப்போதும் டைமண்ட் பப். அங்கேதான் பெர்ஸ் டூலன் கதை.

அப்போதெல்லாம் சட்டப்படி ஆறு மணிக்கு பப்பை மூடிவிடுவார்கள். ஐந்து மணிக்கு ஆலை விட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டும். உள்ளே மூச்சுவிட இடம் இருக்காது. நடுவில் ஒருவன் கொல்லைப்பக்கம் ஒதுங்கப் போனால், தன் கிளாஸ் மேல் சிகரெட் பெட்டியோ தொப்பியோ எதையாவது வைத்துவிட்டுப் போவான். 'திரும்பி வருகிறேன், தொடாதே' என்று அர்த்தம். எப்பேர்ப்பட்ட மொடாக்குடியனும் அந்தக் கிளாஸைத் தொடமாட்டான்.

ஷூ ஆலையில் வேலை பார்த்த பெர்ஸ், ஒரு மழை நாளில், நிறைந்த கிளாஸ் மேல் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனான். திரும்பி வரவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. பெண்டாட்டியையும் ஐந்து வயதுப் பெண்ணையும் விட்டுவிட்டு எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. பத்தொன்பது வயது கிளெம் அந்த பீரைக் குடித்துவிட்டு, தொப்பியையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இதுதான் அவருடைய பெயர்போன கதை. வருஷா வருஷம் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வருவார். இந்த வருஷம் எங்கள் எல்லோருக்கும் செய்து கொடுத்த புது பேட்ஜையும் அதில் குத்தியிருந்தார்.

அந்த ஞாயிறு, டைமண்டுக்குப் போகும் வழியில், ஒரு பெண் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். ஐம்பதை நெருங்கும் வயது. கூட்டத்தில் எப்போதும் கடைசியில் நிற்பவள்.

"நான் மோய்ரா. மோய்ரா டூலன்."

கிளெமின் கை தானாகத் தலையிலிருந்த தொப்பிக்குப் போனது.

"நாலு வருஷமா வர்றேன். எங்கப்பா பேரைச் சொல்ற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். எப்படிச் சொன்னா என்ன, பேரைக் கேக்கலாமேன்னு வந்தேன்."

"எனக்குத் தெரியாதும்மா... சத்தியமா தெரியாது."

"சண்டைக்கு வரலை. இந்த வாரம் டைமண்டை இடிக்கிறாங்க. இந்த ஒரு தடவை அந்தக் கதை வேணாம். தொப்பியையும் குடுத்துடுங்க. உள்ள பச்சைத் துணி ஒட்டுப் போட்டிருக்கும். எங்கம்மா கவுன் துணி அது."

பச்சைத் துணிதான். கிளெம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

"தர்றேம்மா. இது முடியட்டும், உன் கையில குடுத்துடறேன். கதையும் சொல்லலை."

"நிஜமா?"

"நிஜமா."

டைமண்டின் கடைசி முதலாளி நெரிடா எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே மேஜை, நாற்காலி எதுவும் இல்லை. பச்சை ஓடு பதித்த சுவர், நீளமான கவுண்டர், அவ்வளவுதான். கவுண்டர் ஓரத்தில் ஒரே ஒரு கிளாஸ். நிறைய பீர். எனக்குத்தான் நெரிடா எடுத்து வைத்திருக்கிறாள் என்று கிளெம் நினைத்துக்கொண்டார்.

"டேய் கிளெம்! பெர்ஸ் எங்கடா?" என்று வின்ஸ் கத்தினான். கிளெமோடு டிராம் ஓட்டியவன்.

நாங்கள் தரையை மிதிக்க ஆரம்பித்தோம். "பெர்ஸ்! பெர்ஸ்! பெர்ஸ்!"

கிளெம் மோய்ராவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இனி டைமண்ட் இல்லை. இது கடைசிக் கைதட்டல்.

தொப்பியைக் கழற்றி அந்தக் கிளாஸ் மேல் கவிழ்த்தார்.

அன்றுபோல அவர் என்றுமே சொன்னதில்லை. பெர்ஸின் நடை, பெர்ஸின் திக்குவாய், எல்லாம் நடித்துக் காட்டினார். ஓடிப்போன பெர்ஸுக்கு அடிலெய்டில் ஒரு குண்டு விதவையையும் சேர்த்துவிட்டார். பிறகு தொப்பியைத் தூக்கினார். பீரை ஒரே மடக்கில் குடித்தார். பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தது.

"பீரும் எனக்கு, தொப்பியும் எனக்கு! பொண்டாட்டியை மட்டும் ஊருக்கு விட்டுட்டேன்!"

அப்படிச் சிரித்தோம். வின்ஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மோய்ரா கதவருகே நின்றிருந்தாள். வெளியே போய் நடைபாதையில் நின்றுகொண்டாள். தொப்பிக்காக.

கூட்டம் கலைந்தது. நெரிடா எங்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். கிளெம் மட்டும் உள்ளே நின்றார். வாயில் அந்த பீர் கசந்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. வாசல் வழியாகப் போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முடியாது. தொப்பியைக் கவுண்டரில் வைத்தார். நெரிடா கொடுத்துக்கொள்ளட்டும். நாம் கொல்லை வழியாகப் போய்விடலாம்.

திருடனைப் போலக் கொல்லைக் கதவைத் திறந்தார். மணி ஆறாகப் பத்து நிமிஷம்.

சின்னக் கொல்லை. சிமெண்டுத் தரை. காய்ந்து கிடந்தது.

நடுவில் கால் வைத்தார்.

டொக்.

குழாயாக இருக்கும் என்று நினைத்தார்.

டொக்... டொக்...

குழாய் இல்லை. கல்லால் கல்லைத் தட்டும் சத்தம். அவர் காலுக்கு நேர் கீழே. செருப்பின் அடியில் அதிர்ந்தது.

ஒதுங்கி நின்றார். சத்தம் நின்றது.

உள்ளே, பாரில், பேச்சுக் குரல்கள் கேட்டன. நாலைந்து பேர் இல்லை. நூறு பேர். முட்டி மோதிக் கத்தும் ஆண்கள். கிளாஸ்கள் இடிக்கும் சத்தம். மூடும் நேரத்துக் கூச்சல்... நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் கேட்காத கூச்சல்.

வின்ஸ்தான் எல்லோரையும் திரும்பக் கூட்டிவந்துவிட்டானோ?

கதவைத் தள்ளினார்.

யாரும் இல்லை.

கூச்சல் அறுந்தது.

தரையில் ஈரம். சேறு. கொல்லைக் கதவிலிருந்து கவுண்டர்வரை காலடித் தடம். ஒரே ஒரு ஆளின் பூட்ஸ் தடம். போகும் தடம் மட்டும்தான்.

கிளெம் தன் செருப்பைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

கவுண்டரைப் பார்த்தார்.

கிளாஸ் நிறைந்திருந்தது.

அதன்மேல் தொப்பி. கவிழ்த்தபடி.

நுரை வழிந்து... மெதுவாக... கிளாஸின் பக்கவாட்டில் இறங்கியது.

"பெ... பெர்ஸ்?"

அவர் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

சில்லென்று.

அவர் ஓடினார்.

வாசலில் மோய்ரா மேல் மோதிக்கொண்டார். "தொப்பி எங்க?" என்றாள்.

"உள்ள... உள்ள போகாதம்மா... அவரு..."

அவள் முகம் கல்லாகிவிட்டது. "இன்னும் விளையாட்டா கிளெம்? போதும். வெக்கமா இல்லை உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாசலில் இன்னும் நின்றிருந்த எங்கள் எல்லோர் எதிரிலும் சொன்னாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அன்று ராத்திரி நெரிடாவுக்கு போன் போட்டார்.

"தொப்பியா? கவுண்டர்ல ஒண்ணுமே இல்லையே. துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு."

"கிளாஸு? எனக்குன்னு பீர் வச்சிருந்தியே?"

"பீரா? அது நீங்க கொண்டுவந்ததுன்னுல்ல நெனச்சேன்! குழாயெல்லாம் கழட்டிப் பத்து நாளாச்சு கிளெம். அங்க ஏது பீரு?"

அந்த வாரமே டைமண்டை இடித்தார்கள். கொல்லைச் சிமெண்டை மெஷின் வைத்து உடைத்தார்கள். அடியில் ஒரு பழைய கிணறு இருந்தது. தண்ணீர் இல்லாதது. மூடியிருந்த பலகை உளுத்து உள்ளே விழுந்திருந்தது. பெர்ஸ் காணாமல்போனதற்கு அடுத்த திங்கட்கிழமை, அப்போதைய முதலாளி உடைந்த பலகையைப் பார்த்தும் எட்டிக்கூடப் பார்க்காமல், கிணற்று வாயில் கல்லைப் பாவி மேலே சிமெண்டு போட்டு மூடியிருக்கிறான்.

பெர்ஸ் எங்கேயும் ஓடிப்போகவில்லை. காலெலும்பு முறிந்து உள்ளே கிடந்திருக்கிறான். கையில் ஒரு கல் இருந்தது. அவனுக்கு எட்டும் உயரத்தில் கிணற்றுச் சுவர் குழி குழியாக இருந்ததாம். தட்டித் தட்டி.

எப்போதும் அந்தக் கூச்சல். யாருக்குக் கேட்கும்?

உள்ளே இறங்கிய வேலைக்காரனை நானே பிடித்துக் கேட்டேன். உடைப்பதற்கு முன்னால் அந்தச் சிமெண்டில் ஒரு கீறல்கூட இல்லை என்றான். எலும்புக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் நின்றிருந்தது. அதன்மேல் ஒரு தொப்பி.

"தூக்கிப் பாத்தேன் சார்," என்றான். "நுரை இன்னும் அடங்கலை."

பெர்ஸை அடக்கம் செய்தபோது கிளெம் உள்ளே வரவில்லை. கல்லறைக் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றார். மழை தூறியது. அவர் தலையில் ஒன்றும் இல்லை. வின்ஸ் போய்க் கூப்பிட்டும் அசையவில்லை.

எல்லாம் முடிந்ததும் மோய்ரா அவரிடம் போனாள். கையில் அந்தத் தொப்பி. உள்ளே பச்சைத் துணி.

அவள் தொப்பியில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றினாள். இந்த வருஷத்து பேட்ஜ். அந்த ஞாயிறு எங்கள் எல்லோர் சட்டையிலும் இருந்த அதே பேட்ஜ். அதை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இது உங்களுது," என்றாள். "தொப்பியை அப்பா வந்து எடுத்துக்கிட்டாரு."