அக்கா ஒட்டிய அம்புக்குறி

என் அக்காவுக்கு அழத் தெரியாது என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சு. மகனை அடக்கம் செய்த வாரமே துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள், கல்நெஞ்சக்காரி என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவளை நான் சும்மா விடவில்லை. ஆனால் அவள் பார்த்தது பொய்யில்லை. அக்கா அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிவது போல இருந்தாள்.

நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில்தான் வேலை செய்தோம். நான் அடித்தளத்தில், படுக்கை விரிப்பு வெளுக்கும் பிரிவில். அக்கா துப்புரவுப் பணியில். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று முதல் அவளுக்கு இருந்தது மூன்றே விஷயங்கள்: வாளி, சபை, மகன். மகன் பனைமரம் மாதிரி வளர்ந்ததால் எல்லோருக்கும் அவன் நெட்டையன். அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சபை என்றால் பெரிய கோயில் இல்லை. ஒரு கடையின் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கூடம். இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பரலோகம், மற்றவர்களுக்கு இல்லை என்பது அங்கே போதனை. அக்கா அதை எழுத்துக்கு எழுத்து நம்பினாள். போதகர் வாராவாரம் யூத ஜனத்துக்காக உருகி உருகி ஜெபிப்பார், ஏனென்றால் அவர்கள் தேவன் தெரிந்துகொண்ட ஜனம். முஸ்லிம்களுக்காகவும் ஜெபிப்பார், அவர்கள் கண் திறக்க வேண்டும் என்று. சபையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் ஒரு யூதரைக் கண்ணால் கண்டதில்லை. முஸ்லிம்களிடம் தினமும் காய்கறி வாங்கினோம். பார்க்காதவர்கள் மேல் பாசம் வைப்பது சுலபம் என்று நான் ஒருமுறை சொல்லி, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நெட்டையன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். ஒரு தையற்கடைக்காரரின் மகளை விரும்பினான், முஸ்லிமானான், கட்டிக்கொண்டான். அவனைத் தலைமுழுகிவிடு என்று சபையில் சொன்னார்கள். அக்கா தலைமுழுகவில்லை. அவன் வந்தால் சோறு போட்டாள், சட்டையில் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். ஆனால் அவன் மார்க்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. எப்படித் தொழுகிறாய், எந்தப் பக்கம் பார்த்து, எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள் என்றுதான் நினைக்கிறேன். இரவில் எழுந்து முழங்காலில் நிற்பாள். என்ன கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் சலவைப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு பிரார்த்தனை அறை உண்டு. ஜன்னல் கிடையாது. எல்லா மதத்தாருக்கும் அந்த ஒரே அறைதான். அதனால் அவரவர் பொருளைப் பிரார்த்தனை முடிந்ததும் அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. மேல்தட்டில் சிலுவை, நடுத்தட்டில் தொழுகை விரிப்புகள், கீழ்த்தட்டில் தரைத்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் சால்வையும் புத்தகமும். அவர் யூதர். அக்கா அறிந்த ஒரே யூதர் அவர்தான். எடுத்து வைக்க முடியாதது ஒன்றே ஒன்று, தொழுகிறவர்களுக்காகத் தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறி.

ஒருநாள் தரைக்கு மெருகு போடும் இயந்திரம் அதைக் கிழித்துவிட்டது. சூப்பர்வைசர் புது ஸ்டிக்கரை அக்காவிடம் கொடுத்து, ஒட்டிவிடச் சொன்னார். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அக்காவுக்கு நினைவில்லை. நினைவு வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. மருத்துவமனைக்குப் பாதிரியார் ஜெபிக்க வரும்போது சிலுவையை எந்தச் சுவரோரம் வைப்பாரோ, அந்தச் சுவரைப் பார்த்து ஒட்டினாள். கும்பிடுகிற பக்கம் என்றால் அறைக்கு ஒரு முன்பக்கம், அவ்வளவுதான் அவளுக்கு. அம்பு சுவரைத் தாண்டி எங்கோ இருக்கும் ஓர் ஊரைக் காட்டுகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் மருமகளை எங்கள் மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்த்தார்கள். சிக்கலான கேஸ். நெட்டையன் வேளை தவறாமல் கீழே வந்து தொழுதான். விளக்குமாறோடு போன அக்கா கதவிடுக்கில் அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சிலுவை வைக்கிற சுவத்தப் பாத்துக் குனியறான்டி" என்றாள்.

"சுவருதானே இருக்கு? சிலுவை அலமாரிலதானே?"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோன வாரத்தில், ஓர் அலுவலகக் கட்டடத்தில், பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் அறுந்து நெட்டையன் போய்விட்டான்.

கண்ணாடிக்காரர் அத்தனை நாளும் வரவில்லை. அவர் மனைவி இறந்து துக்கத்தில் இருந்தார். திரும்பி வந்த அன்று அறை வாசலில் நின்று அக்காவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இந்த அம்பை யாரு மாத்தினது?"

"நான்தான் சார். பழசு பிஞ்சுபோச்சு."

"தப்பான பக்கம் காட்டுது. அவங்க மக்காவப் பாத்துத் தொழுவாங்க. நாங்க எருசலேமப் பாத்து நிப்போம். இங்கிருந்து ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பக்கம். இது என் பக்கத்துக்கு முதுகக் காட்டுது."

அக்கா குனிந்து அம்பைப் பார்த்தாள். "இப்படித் தப்பா நின்னவங்களுக்கு என்ன ஆகும் சார்?"

"அத அவங்க ஆளுங்ககிட்டதான் கேக்கணும். நான் சொன்னா சரியா இருக்காது."

"உங்க வீட்டம்மாவுக்காக ஜெபம் பண்ணுவீங்களா?"

"எங்க ஆளுங்க பத்துப் பேரு கூடினா சொல்ற ஜெபம் ஒண்ணு இருக்கு. அதுல சாவப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆண்டவரைப் புகழ்றது மட்டும்தான்."

"அது வாயில வருதா சார்?"

"வரல. சொல்றேன்."

அக்கா தலையசைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கமே இல்லை. செத்த நொடியிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டதாம். அதனால் மகனுக்காக அவள் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

போதகரிடம் போய் அம்புக்குறி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண் விரிந்தது.

"சகோதரி, கர்த்தர் உங்க கையப் பிடிச்சு ஒட்டியிருக்கார். சாவுக்கு முன்னாடி உங்க பையன் சிலுவைய நோக்கி முழங்கால் போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை எழுந்து சாட்சி சொல்லுங்க."

எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. ஆனால் அன்று அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டால் மகன் பரலோகத்தில் இருப்பான், அவளும் தூங்குவாள். பிடித்துக்கொள்ளடி என்று கெஞ்சினேன். மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். நானும் கூடப் போனேன்.

மருமகள், கணவனை இழந்த பெண் வெளியே போகக் கூடாத இத்தா காலத்தில், தையற்கடைக்குப் பின்னால் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தையை அக்காவின் மடியில் போட்டாள். அக்கா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"தெரியாம நின்னா குத்தமில்ல மாமி" என்றாள் மருமகள். "மனசு எங்க இருந்துச்சோ, அங்கதான் நின்னாங்க."

"என்ன கேட்டான்னு உனக்குத் தெரியுமா?"

மருமகள் சொல்லலாமா என்று என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எனக்காகவும் பிள்ளைக்காகவும் கேட்டாங்க. அப்புறம் எப்பவும் போல உங்களுக்காக. எங்கம்மாவுக்கு நேர்வழி காட்டு, அவங்க நரகத்துக்குப் போயிடக் கூடாதுன்னு அழுவாங்க மாமி."

அக்கா குழந்தையின் காலைத் துணிக்குள் எடுத்து வைத்தாள்.

"நானும் அதேதான் கேட்டேன்" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. போதகர் முன்னறிவிப்பே கொடுத்துவிட்டார் போல. அக்காவின் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"அம்ப நான்தான் ஒட்டினேன்" என்றாள் அக்கா. "கர்த்தர் ஒட்டல. எனக்குத் தெரியாம ஒட்டினேன். என் பையன் முஸ்லிமா இருந்தான், முஸ்லிமா செத்தான். வேற மாதிரி சொன்னா எனக்கு நல்லா இருக்கும். ஆனா அது பொய்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். போதகர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு, யூத ஜனத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார். பிறகு கண் திறக்காதவர்களுக்காக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்ன இடங்களில் அக்காவும் சொன்னாள்.

மாடிப்படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"ஏன்டி, நான் பரலோகம் போறேன்னே வை. அவன் அங்க இல்லன்னா, நான் அங்க போய் என்ன பண்றது?"

பஸ் வந்தது, ஏறினோம்.