மாம்பழ மாதங்களில் நடந்த கால்கள்

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். கூழை டின்னில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். எனக்குப் பழத்தோல் சீவும் வேலை. சீசன் முழுக்க அந்த வாசனைக்குள்ளேயே மிதந்துகொண்டிருப்பேன். சீவியது பாதி, தின்றது பாதி. மேஸ்திரி திட்டுவார், எனக்கு உறைக்காது. முப்பது வயதுகூட ஆகாத எனக்கு ரத்தக்கொதிப்பு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் அந்த மாதங்களில் கால்கள் துள்ளும்.

சீசன் முடிந்து ஆலை மூடினால் வீட்டில் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும்தான். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்காது. கண்ணை மூடினால் கனவில் எங்கும் தண்ணீர். யாருடைய கால்களையோ நான் அதில் இழுத்துக்கொண்டு போவேன். விழித்து எழுந்தால் நிஜமாகவே முழங்கால் மடங்கும். ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

"சீசன்ல ஓடிக்கினு இருந்த. இப்ப வூட்டு வேலன்னா மட்டும் காலு மடங்குதா? நல்லா நாடகம் ஆடுற" என்றார் கணவர். சென்னையில் கட்டட வேலை செய்துவிட்டு எப்போதாவது வருபவர். கால் மடங்கியதைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு வலித்தது.

கடைசியில் அவரே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்த டாக்டரம்மா, "எந்த மாசத்துல நல்லா இருப்பீங்க?" என்று கேட்டார்.

"மாம்பழம் துன்ற மாசத்துல."

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் ஒரு சுரப்பி இருக்கிறதாம். என்னுடையதில் சின்னக் கட்டி. அது ஒரு ஹார்மோனை அளவில்லாமல் சுரந்து, உப்பை விடாதே என்று சிறுநீரகத்தை விரட்டுகிறது. உப்போடு நீரும் தங்கிவிட, கொதிப்பு ஏறுகிறது. பொட்டாசியமோ வெளியே போய்விடுகிறது; அது குறைந்தால் காலில் பலம் இருக்காது. பழம் அதைக் கொஞ்சம் ஈடுகட்டியது, ஊறுகாய் உப்பு மேலும் கெடுத்தது. ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாம் என்றார்.

அது என் காதில் சரியாக விழவே இல்லை.

"அம்மா, நான் நாடகம் ஆடலன்னு இவருகிட்ட நீங்களே ஒருவாட்டி சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

சித்தூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தோம். எப்போதும் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் போகிறவர், அன்று என் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஏன் என்று திரும்பிப் பார்த்தேன்.

"நீ முன்னால போ. உழுந்தா புடிக்கணும் இல்ல?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பாமல் நடந்தேன்.